அம்மாவின் வேதாகமமும் பாறசாலை பைண்டிங் கடையும்

பாறசாலையில் ஒரு பழைய பைண்டிங் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. களியக்காவிளையில் பஸ் ஏறினால் பத்து நிமிடம். இறங்கி, "புத்தகம் கட்டுற அண்ணன் கடை எங்கே?" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். தமிழில் கேட்டாலே போதும், அந்தப் பக்கமும் தமிழ் பேசுகிற குடும்பங்கள் நிறைய உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லை பிரித்தபோது எங்கள் விளவங்கோடு தமிழ்நாட்டோடு வந்தது, பாறசாலை கேரளத்தோடு நின்றது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்றைக்கும் இரண்டு பக்கமும்தான்.

நான் தையல்காரி. முப்பது வருஷமாக ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறேன். ஒருவர் ஊசி பிடிக்கிற விதத்தைப் பார்த்தாலே வேலை தெரிந்தவரா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணோடுதான் இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் தையலைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்த முடியாது. அங்கே கொடுத்தது என் அம்மாவின் வேதாகமம். திரும்பி வந்தபோது புத்தகத்தோடு வேறொன்றும் சேர்ந்து வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அம்மா அதை 1978இல் வாங்கினாள், அண்டி ஆபீஸ் கூலியில். எங்கள் பக்கம் முந்திரித் தொழிற்சாலையை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்மாவுக்கு அங்கே தல்லுகிற வேலை. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துத் தட்டி ஓட்டை உடைத்துப் பருப்பை முழுசாக எடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலைச் சுடும், விரலைக் கறுப்பாக்கும். சாம்பல் பூசிக்கொண்டு உட்காருவார்கள். சாம்பல் கொஞ்சம் காக்கும், முழுசாகக் காக்காது. அம்மாவின் வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கடைசிவரை கறுத்தே இருந்தன. ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் அந்த விரல்களால்தான் பக்கம் திருப்புவாள். சங்கீதத்திலும் நான்கு சுவிசேஷங்களிலும் பக்க ஓரமெல்லாம் அவள் விரல் பதிந்து கிடந்தது.

2014இல் அம்மா போனபிறகு புத்தகம் அலமாரி மேல்தட்டில் இருந்தது. எனக்கென்று சொந்தமாக ஒன்று இருந்ததால் அதை எடுத்து வாசித்ததில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது. வீட்டு ஓடுகள் பறந்து அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியது. வெயிலில் காயவைத்தேன். காய்ந்தது, ஆனால் யோவான் சுவிசேஷத்தில் ஏழெட்டுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகிவிட்டன. முதுகுத் தையல் விட்டுப்போனது. நான் செய்த தப்பு, அதற்கு மேல் செலோ டேப் ஒட்டினது. புத்தகம் வைத்திருக்கிற யாரும் அதைச் செய்யாதீர்கள். சில வருஷத்தில் டேப் மஞ்சளாகி உதிரும். அதன் பசை மட்டும் தாளிலேயே தங்கி, தாளைப் பழுப்பாக்கி, தொட்டால் கிழிகிற மாதிரி செய்துவிடும்.

கடை என்பது ஒரு அறை. மர மேஜை, திருகி இறுக்குகிற இரும்பு அழுத்தி, மூலையில் பெரிய வெட்டு இயந்திரம். ஆபீஸ் ரிஜிஸ்டர்கள், கோவில் கணக்குப் புத்தகங்கள், தமிழிலும் மலையாளத்திலும் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அடுக்கியிருந்தன. அண்ணனுக்கு எழுபது வயது இருக்கும். புத்தகத்தைக் கையில் வாங்கினதும் அட்டையைப் பார்க்கவில்லை, முதுகைப் பார்த்தார். அப்புறம் ஓரத்தைப் பார்த்தார். பெருவிரலால் தாள்களை மெதுவாக ஓட்டிக்கொண்டே, "இது யாருக்க விரல் பாடு?" என்று கேட்டார்.

"அம்மைக்கது. அண்டி ஆபீஸ்ல தல்லுனாவ."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்க அக்காவும் தல்லுனாதான்" என்றார். பிறகு சொன்னார்: "மக்களே, எல்லாரும் ஓரம் வெட்டித் தரச் சொல்லுவாவ. வெட்டினா புதுசு போல இருக்கும். ஆனா இந்தப் பாடு எல்லாம் வெட்டுல போயிரும். ஓரத்துல எழுதி வச்சிருந்தா அதுவும் போவும். வெட்டட்டா, விடட்டா?"

விடச் சொன்னேன். பழைய புத்தகத்தைக் கட்டக் கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். கொடுக்கும்போதே ஓரத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். பல கடைகளில் கேட்காமலேயே இயந்திரத்தில் வைத்து வெட்டிவிடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, வழக்கமே அப்படித்தான். இவர் கேட்டாரே, அதனால்தான் இந்தக் கடையை நான் முதலாவதாகச் சொல்கிறேன்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அவசரக் கட்டு என்றால் முதுகை ஒட்டிப் பக்கவாட்டில் துளை போட்டு மொத்தமாகத் தைத்துவிடுவார்கள். உறுதியாக இருக்கும், ஆனால் புத்தகம் விரியாது, பிடித்துக்கொண்டே வாசிக்க வேண்டும். இவர் அப்படிச் செய்யவில்லை. பழைய நூலையெல்லாம் பிரித்து, தாள்களைப் பாரம் பாரமாக (ஒன்றாக மடித்த தாள்கட்டைத்தான் பாரம் என்பார்கள்) அடுக்கி, மடிப்பு கிழிந்த இடங்களில் மெல்லிய டிஷ்யூ தாள் ஒட்டி, ஒவ்வொரு பாரத்தையும் நடு மடிப்பில் தனித்தனியாகத் தைத்து அடுத்ததோடு பூட்டியிருக்கிறார். வேதாகமத் தாள் எவ்வளவு மெலிசு என்று கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் அதிகம் இழுத்தால் நூலே தாளை அறுத்துவிடும். நூலில் தேன்மெழுகு தடவி, ஒரே இழுவிசையில் கடைசிவரை கொண்டு போயிருக்கிறார். ரவிக்கைக் கையில் சுருக்கம் விழாமல் தைக்க நான் எத்தனை வருஷம் பழகினேன் என்பதை நினைத்துக்கொண்டேன். இப்போது ஆதியாகமம் முதல் அதிகாரத்திலும் சரி, வெளிப்படுத்தின விசேஷம் கடைசி அதிகாரத்திலும் சரி, மேஜைமேல் வைத்தால் தானாக விரிந்து நிற்கிறது.

பசைக்கு மைதா காய்ச்சி மயில்துத்தம் கலக்கிறார். பூச்சி வராது. அட்டைக்குக் கறுப்பு ரெக்சின். கூலி 650 ரூபாய். பத்து நாள் என்று சொல்லிப் பதினாறு நாள் ஆனது, மழையில் பசை காயவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஒட்டிப்போன தாள்களைப் பிரித்ததற்குத் தனிக்கூலி கேட்கவில்லை. அந்த ஏழெட்டுத் தாள்களுக்குத்தான் அவர் அதிகம் மெனக்கெட்டிருக்கிறார். ஈரத்துணிக்கு நடுவில் வைத்து, தாள் மெல்ல ஈரத்தை இழுத்த பிறகு, மூங்கில் சீவலை நுழைத்து ஒரு நாளைக்கு ஒரு தாள், இரண்டு தாள் என்று பிரித்தாராம். கொடுக்கும்போது, "யோவான்ல உனக்க அம்மை பென்சில்ல எழுதியிருக்கா. பேனாவா இருந்தா எப்பவோ கரைஞ்சு போயிருக்கும். நான் வாசிக்கல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து விரித்தேன். யோவான் 8ஆம் அதிகாரம், 35ஆம் வசனம்: "அடிமையானவன் என்றைக்கும் வீட்டிலே நிலைத்திரான், குமாரன் என்றைக்கும் நிலைத்திருக்கிறார்." பக்கத்தில் அம்மாவின் கோணல் எழுத்தில் இரண்டே வரி.

"நான் வேலக்காரி இல்ல. வீட்டுக்காரி."

இதைப் புரிந்துகொள்ள அம்மாவின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். பதினொரு வயதில் அவளை ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு விட்டார்கள். பாத்திரம், தொழுவம், பிள்ளை தூக்குவது எல்லாம் அவள்தான். சாப்பாடு பின்வாசல் திண்ணையில். இருட்டினால் ஒன்றரை மைல் தனியாக நடந்து வீட்டுக்கு வர வேண்டும். "பகல் முழுக்க அந்த வீடு எனக்க கையிலதான் இருக்கும். ராத்திரி ஆனா அங்க எனக்கு எடம் கெடையாது" என்று சொல்வாள். எழுத்துக் கற்றதே கல்யாணத்துக்கு அப்புறம், சபையின் ஓய்வுநாள் பாடசாலையில், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து.

எங்கள் நாட்டில் அடிமை என்பது உவமை அல்ல. திருவிதாங்கூரில் ஆளையே நிலத்தோடு விற்றார்கள், அடகு வைத்தார்கள். 1855இல்தான் ராஜ விளம்பரம் அதை ஒழித்தது. எங்கள் பாட்டிமார் மார்பை மறைக்க உரிமை கேட்டு அடி வாங்கினார்கள், சந்தையில் துணி கிழிக்கப்பட்டார்கள். 1859 ஜூலை 26ஆம் தேதி அதை அனுமதித்து ராஜ விளம்பரம் வந்தபோதுகூட, உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரும், அவருக்குப் பின் நாகர்கோவிலுக்கு வந்த மீட் ஐயரும், பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த மால்ட் அம்மையாரும் அந்தக் காலத்தோடு சேர்ந்தவர்கள். ரவிக்கை தைத்துச் சோறு சாப்பிடுகிற எனக்கு இது வெறும் பழங்கதை இல்லை. ஒவ்வொரு முறை கழுத்தளவு எடுக்கும்போதும் அது எனக்குள் எங்கேயோ இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், அடிமை ஒழிந்து நூறு வருஷம் கழித்தும் பின்வாசலில் சாப்பிட்ட ஒருத்தி, இயேசுவின் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையை வாசித்திருக்கிறாள். ராத்திரியானாலும் போகச் சொல்லாத ஒரு வீடு தனக்கு இருக்கிறது என்று கண்டிருக்கிறாள்.

நான் அவள் மகள். பிறந்ததிலிருந்தே சபையில்தான் வளர்ந்தேன். ஆனால் நான் அந்த வீட்டில் வேலைக்காரியாகத்தான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. அளவு நோட்டு மாதிரியே நீளவாக்கில் கோடு போட்டது. அதில் பொருத்தனைகள், தேவனுக்கு நான் நேர்ந்துகொண்டவை. மகனுக்குக் காய்ச்சல் விட்டால் ஐநூறு ரூபாய். லோன் கிடைத்தால் அரைப் பவுன். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற முடிந்தால் மூன்று நாள் உபவாசம். ஒரு பக்கம் கேட்டது, ஒரு பக்கம் கொடுத்தது, ஒரு பக்கம் பாக்கி. பாக்கி ஏறும்போதெல்லாம் நெஞ்சு அடிக்கும். பால் பொங்கி வழிந்தால், ஊசி உடைந்தால், மகன் பரீட்சையில் மார்க் குறைந்தால், உடனே நோட்டை எடுத்துப் பார்ப்பேன்.

மகனுக்கு ஒன்பது வயதில் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். அப்போது ஜெபம் பண்ண வந்த ஒரு ஊழியக்காரர், பேரைச் சொல்லப் போவதில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "நீ கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவில்லை, அதனால்தான் தேவன் பிள்ளையைத் தொட்டிருக்கிறார்" என்றார். பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தான். நான் அன்றைக்கே சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. அது இறங்கினதுதான் எனக்குப் பெரிய கண்ணியாகிவிட்டது. கொடுத்ததால் இறங்கியது என்றால், கொடுக்காததால்தான் வந்தது என்று ஆகிறதே. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் நான் தேவனை வட்டிக்காரரைப் போலப் பார்த்துப் பயந்தேன். அவரை நேசிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொருத்தனை பண்ணினால் தாமதிக்காமல் செலுத்து என்று வேதாகமத்தில் பிரசங்கி புத்தகத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. வாக்கு கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். ஆனால் பாக்கி வைத்தால் பிள்ளையை அடிப்பேன் என்று அங்கே சொல்லவில்லை. அதை நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

யோவான் 8ஐ அன்று முழுசாக வாசித்தேன். "சத்தியம் உங்களை விடுதலையாக்கும்" என்ற 32ஆம் வசனம் எங்கள் ஊர் காலண்டர்களிலும் வேன் கண்ணாடிகளிலும் இருக்கிறது. அதை மட்டும் தனியாகப் பார்த்தே பழகிவிட்டேன். அதற்கு முந்தின வரியில் இயேசு யாரிடம் பேசுகிறார் என்று கவனித்ததில்லை. தம்மை விசுவாசித்தவர்களிடம்தான் பேசுகிறார். என் உபதேசத்தில் நிலைத்திருந்தால் என் சீஷராயிருப்பீர்கள், அப்போதுதான் சத்தியத்தை அறிவீர்கள் என்கிறார். அதற்கு அவர்கள், நாங்கள் ஆபிரகாமின் சந்ததி, ஒருக்காலும் யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை என்கிறார்கள். நானும் அதைத்தானே சொல்லியிருப்பேன்? நாங்கள் நாலு தலைமுறைக் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு என்ன விடுதலை என்று. "ஆகையால் குமாரன் உங்களை விடுதலையாக்கினால் மெய்யாகவே விடுதலையாவீர்கள்" என்ற 36ஆம் வசனத்தில் அம்மாவின் கறுப்பு விரல் பதிந்திருந்தது. எத்தனை முறை அங்கே விரல் வைத்திருப்பாள் என்று தெரியாது. கறுப்பு மிகவும் அழுத்தமாக இருந்தது.

ஒட்டியிருந்த தாள்களில் 9ஆம் அதிகாரமும் இருந்தது. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இயேசு, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்கிறார். இந்தக் கதையை ஓய்வுநாள் பாடசாலையில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சேறு உண்டாக்கி கண்ணில் பூசினதையும் சீலோவாம் குளத்தையும் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தப் பதில் என் வீட்டுக் கட்டிலுக்கும் சொன்ன பதில் என்று எனக்குப் பட்டதே இல்லை.

அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். பிறகு நோட்டைக் கிழித்து அடுப்பில் வைத்தேன். அன்றோடு எல்லாம் மாறியது என்று சொன்னால் அது பொய். மறுநாள் ஊசி உடைந்ததும் கை தானாக அலமாரிக்குப் போனது. இப்போதும் சில நாள் போகிறது. அப்படிப் போகிற நாளில் அம்மா எழுதின இடத்தை எடுத்து வாசிக்கிறேன். காணிக்கை கொடுப்பதை நான் நிறுத்தவில்லை. முன்னைவிடக் குறைவாகவும் கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது இப்போது பயம் இல்லை.

விடுதலை என்றால் அதோடு சும்மா இருக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. அவருக்குப் பின்னால் போவதென்றால் போகவேண்டிய வீடுகள் சில இருந்தன. ஒக்கியில் பக்கத்து வீட்டு அக்காவின் கூரை முழுசாகப் போனபோது, "தசமபாகத்தில் குறைவு வச்சிருப்பீங்க அக்கா" என்று அன்றைக்கு நான் சொன்னேன். அந்த ஊழியக்காரர் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன். போய், நான் சொன்னது தப்பு, தேவன் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொன்னேன். அக்கா உடனே எதுவும் சொல்லவில்லை. மரச்சீனி அவித்துக்கொண்டிருந்தார். "அது எனக்கு இத்தன வருசமா நெஞ்சுல கெடக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கிழங்கையும் மீன்குழம்பையும் முன்னால் வைத்தார். சாப்பிட வைத்துவிட்டுத்தான் விட்டார்.

மகனிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை வருவான். 9ஆம் அதிகாரத்தை விரித்து வைத்து, "அன்னைக்கு அவர் சொன்னது பொய் மக்களே, உன் காய்ச்சல் என் கடனுக்காக வரல்ல" என்றேன். மறந்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். அவன், "உனக்க சங்கிலி என்னாலதான் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்மா" என்றான்.

கடை பற்றிச் சொல்லவேண்டிய குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதுகில் "பரிசுத்த வேதாகமம்" என்ற பொன்னெழுத்து நூலளவு சாய்ந்திருக்கிறது. ரெக்சின் வாசனை போக இரண்டு வாரம் ஆகும், காற்றாட வையுங்கள். ரசீது கிடையாது. சிவப்பு ரிப்பன் கேட்டேன், நீலம்தான் இருந்தது. மழைக்காலத்தில் கொடுக்காமல் இருப்பது நல்லது, மாசி பங்குனியில் கொடுத்தால் சொன்ன நாளில் கிடைக்கும். ஒட்டின தாள் இருந்தால் நீங்களே பிரிக்கப் பார்க்காமல் அப்படியே கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.

போன வாரம் மகன் கிளம்பும்போது அம்மாவின் வேதாகமத்தைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். நீல ரிப்பன் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறான் என்று நான் கேட்கவில்லை.